சென்னை – சிங்கப்பூர்: நேரே பறப்பதா, கோலாலம்பூர் வழியா, கொழும்பு வழியா?

சிங்கப்பூருக்கு டிக்கெட் தேடினால் இந்த மூன்றும்தான் முன்னால் வந்து நிற்கும். விலை குறைவானதைப் பார்த்ததும் கை தானாக அங்கே போகும். கொஞ்சம் பொறுங்கள்.

மீனம்பாக்கத்திலிருந்து சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்துக்கு வான்வழியில் ஏறத்தாழ 2,900 கி.மீ. கோலாலம்பூர் இந்தப் பாதையை ஒட்டியே இருப்பதால், அங்கே இறங்கி ஏறினாலும் தூரம் அநேகமாகக் கூடுவதில்லை. கொழும்பு தெற்கே தள்ளி இருக்கிறது. அந்த வழியில் 3,400 கி.மீ. ஆகிவிடும். அப்படியானால் கோலாலம்பூர் வழி போகலாமே என்று தோன்றும். ஆனால் நேரம் போவது வானத்தில் அல்ல, தரையில்.

நேர் விமானத்துக்கு நாலு, நாலேகால் மணி நேரம் என்று போட்டிருப்பார்கள். விமானத்தின் வேகத்துக்கு மூன்றரை மணி நேரமே போதும். ஓடுதளம் வரை ஊர்வது, மேலேறுவது, இறங்குவதற்கு முறை வரும்வரை வட்டமடிப்பது எல்லாம் மிச்ச நேரத்தில் அடக்கம். நடுவில் ஓர் ஊர் வந்தால் இவ்வளவும் இரண்டு தடவை. கொழும்பு வெறும் 650 கி.மீ. தூரம்தான், அதற்கே ஒன்றேகால் மணி நேரம் பிடிக்கும். அப்புறம் அடுத்த விமானத்துக்கான காத்திருப்பு வேறு.

கோலாலம்பூர் வழியில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஒரே பி.என்.ஆர்.-இல், அதாவது ஒரே முன்பதிவு எண்ணில், இரண்டு விமானமும் இருந்து, பெட்டி சாங்கிவரை நேரே போய்ச் சேரும் என்றால் கவலையில்லை. தனித்தனி டிக்கெட் என்றால் குடிநுழைவு (இமிக்ரேஷன்) வரிசையில் நின்று, பெட்டியை எடுத்து, மறுபடி செக்-இன் செய்ய வேண்டும். அங்கே இரண்டு டெர்மினல்கள்; ஒன்றிலிருந்து மற்றதற்கு ரயிலில் போக வேண்டியிருக்கலாம். முதல் விமானம் தாமதமானால் இரண்டாவது டிக்கெட் போயே போச்சு.

மலிவு டிக்கெட்டில் பெட்டிக்குத் தனிக் காசு என்பதும் உண்டு. கவுண்டருக்குப் பக்கத்தில் தரையிலேயே பெட்டியைத் திறந்து, அப்பளக் கட்டைக் கைப்பைக்கு மாற்றிக்கொண்டிருக்கும் குடும்பங்களை மீனம்பாக்கத்தில் எந்த இரவும் பார்க்கலாம். மாவடு பாட்டிலை அப்படி மாற்றவும் வழியில்லை, பாதுகாப்புச் சோதனையில் பிடுங்கிவிடுவார்கள். அந்தக் காசையும் கூட்டினால் விலை வித்தியாசம் பாதியாகக் கரையும்.

பெரியவர்களோ கைக்குழந்தையோ கூட வந்தால் நேர் விமானம்தான், யோசிக்கவே வேண்டாம். தனியாள், ஒரே டிக்கெட், கணிசமான மிச்சம் என்றால் கோலாலம்பூர் வழி. கொழும்பு வழியை, அங்கே இரண்டு நாள் தங்கிப் பார்க்கிற எண்ணம் இருந்தால் மட்டும் எடுப்பேன்.

சிங்கப்பூர் நமக்கு இரண்டரை மணி நேரம் முன்னால் இருக்கிறது. நள்ளிரவில் ஏறினால் அங்கே விடிகிற நேரத்தில், அரைத் தூக்கத்தோடு இறங்குவீர்கள். திரும்பும்போது இது தலைகீழ்: மாலை 6 மணிக்குக் கிளம்பினால் கடிகாரப்படி இரவு 8 மணிக்குள் சென்னை. ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்னிந்தியாவின் மேலே உயரத்தில் கிழக்கிலிருந்து பலத்த காற்று வீசும். 1950களில் இதை ஆராய்ந்து எழுதியவர் நம் வானிலை அறிஞர் பி. கோடீஸ்வரம். அந்த மாதங்களில் போகும்போது அது எதிர்க்காற்று, வரும்போது சில நிமிடங்கள் லாபம்.