வீட்டுக் கடனுக்கு மேல் இன்னும் 50,000 ரிங்கிட்: எந்த வழி நல்லது?

செந்தூலில் இருக்கும் என் அக்கா வீட்டில், மழை பிடித்தால் சமையலறையில் மூன்று வாளி வைக்க வேண்டும். கூரையை மாற்றி, பின்பக்கத்தைக் கொஞ்சம் நீட்டிக் கட்ட 50,000 ரிங்கிட் ஆகும் என்றார் காண்ட்ராக்டர். வீட்டுக் கடனில் இன்னும் 2 லட்சம் பாக்கி. ஒரு ஞாயிற்றுக்கிழமை நாள்காட்டித் தாளின் பின்பக்கத்தில் நாங்கள் போட்ட கணக்கு இது. அதே நிலையில் இருப்பவர்களுக்கு உதவட்டும்.

தனிநபர் கடனுக்கு 6% என்றார்கள். கேட்கக் குறைவாகத்தான் இருக்கிறது. ஆனால் அது ஃபிளாட் வட்டி. அசல் குறையக் குறைய வட்டி குறையாது; 5 ஆண்டும் முழு 50,000-க்கே கணக்கு. மாதம் 1,083 ரிங்கிட், மொத்த வட்டி 15,000. வீட்டுக் கடனுக்கு வட்டி சொல்லும் முறையில் பார்த்தால் ஏறக்குறைய 10.8% வருகிறது.

வீட்டுக் கடனோடு சேர்த்து டாப்-அப், அதாவது அதே வீட்டை ஈடாக வைத்துக் கூடுதல் கடன், எடுத்தால் 4.2%, அதுவும் பாக்கித் தொகைக்கு மட்டும். அப்புறம் என்ன யோசனை என்றார் அக்கா. நானும் அப்படித்தான் நினைத்தேன், தவணைக் காலத்தைப் பார்க்கும் வரை. 25 ஆண்டு என்றால் மாதம் 270 ரிங்கிட்தான், சுமையே தெரியாது. ஆனால் கட்டி முடிக்கும்போது வட்டி மட்டும் 30,800 போயிருக்கும். வட்டி அதிகம் என்று நாங்கள் ஒதுக்கிய தனிநபர் கடனைவிட இரண்டு மடங்கு! அதே டாப்-அப்பை 10 ஆண்டில் கட்டினால் மாதம் 511, மொத்த வட்டி 11,300. அதனால் வங்கியில் முதலில் கேட்க வேண்டியது, கூடுதல் தொகைக்கு எத்தனை ஆண்டு என்பதைத்தான். சில இடங்களில் பழைய கடனின் மீதி ஆண்டுகளோடு அப்படியே சேர்த்துவிடுவார்கள்.

டாப்-அப்பில் வேறு சங்கடங்களும் உண்டு. புது ஒப்பந்தத்துக்கு 0.5% முத்திரை வரி, வழக்கறிஞர் கட்டணம், வீட்டு மதிப்பீடு என்று செலவும் வாரக் கணக்கில் காத்திருப்பும் இருக்கும். வட்டியும் நிலையானதல்ல. மத்திய வங்கியான பேங்க் நெகாரா வைக்கும் அடிப்படை வட்டி விகிதம் (ஓபிஆர்) 2020-இல் 1.75% வரை இறங்கியது, 2023 மே மாதம் 3%-க்கு ஏறியது, 2025 ஜூலையில் 2.75% ஆனது. தவணையும் அதன் பின்னாலேயே ஏறி இறங்கும். எல்லாவற்றையும்விட, கட்ட முடியாமல் போனால் ஏலத்துக்குப் போவது வீடு. தனிநபர் கடனில் வீடு அடமானம் இல்லை; எனக்கு அது பெரிய விஷயம். 15,000, 20,000 ரிங்கிட் போதும், மூன்று ஆண்டில் அடைத்துவிட முடியும் என்றால் நான் தனிநபர் கடனைத்தான் சொல்வேன்.

வேறு வங்கிக்கு மாற்றி ரீஃபைனான்ஸ் செய்வது அக்காவுக்குச் சரிப்படவில்லை. முத்திரை வரி முழு 2.5 லட்சத்துக்கும் விழும், அதாவது 1,250 ரிங்கிட். லாக்-இன் காலம் (கடனை முன்கூட்டி முடித்தால் அபராதம் விழும் ஆரம்ப ஆண்டுகள்) முடியாவிட்டால் 2 அல்லது 3% அபராதமும் சேரலாம். பழைய வட்டி நன்றாக உயர்ந்து இருந்தால் மட்டும் பாருங்கள்.

நகை அடகு? சட்டப்படியே மாதம் 2% வரை வாங்கலாம், ஆண்டுக்கு 24%. சம்பளம் வரும் வரை சமாளிக்கச் சரி, கூரைக்கு ஆகாது. ஃபிளெக்ஸி வகை வீட்டுக் கடனில் முன்கூட்டியே கூடுதலாகக் கட்டியிருந்தால், முதலில் அந்தப் பணத்தை எடுங்கள்; அதற்குப் புதுக் கடனே தேவையில்லை. ஊழியர் சேமநிதியின் ஃபிளெக்சிபல் கணக்கிலும் 2024 மே முதல் எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம். ஓய்வுக்கால காசு என்பதால் அக்காவைத் தொடவிடவில்லை.

இன்னொன்றை நாங்கள் கிட்டத்தட்ட மறந்தே போனோம். வீட்டுக் கடனுக்கு எடுத்த எம்ஆர்டிஏ காப்புறுதி (கடன் வாங்கியவர் இறந்தால் பாக்கியைக் கட்டுவது) பழைய கடனுக்கு மட்டும்தான். கூடுதல் 50,000-க்குத் தனியாகக் கேட்டு எடுக்காவிட்டால், அத்தானுக்கு ஏதாவது ஆகிவிட்டால் அந்தப் பாக்கி அக்கா தலையில் விழும்.

அக்கா வீட்டில் மாதம் 1,083 கட்ட முடியாது, 511 முடியும். 10 ஆண்டு டாப்-அப்புக்கு விண்ணப்பித்துவிட்டார்கள். எப்படியும் எடுக்கிறோம், மகள் கல்யாணத்துக்கும் சேர்த்து 80,000-ஆக வாங்கிவிடலாமே என்றார் அத்தான். ஒருநாள் விருந்துக்குப் பத்து வருஷம் வீட்டை ஈடு வைக்க வேண்டாம் என்று அக்கா ஒரே பிடியாக நின்றார். விண்ணப்பத்தில் 50,000 என்றுதான் எழுதினார்கள்.