லேப் என்றால் போவதா, போய்த் திரும்புவதா? நீச்சல் கடிகாரத்துடன் இரண்டேகால் வருடம்

அலுவலகத்தில் என் எதிர் மேசைக்காரத் தம்பி போன வாரம் கைபேசியை நீட்டினான். நான் கட்டியிருக்கும் அதே நீச்சல் கடிகாரம். நான் வாங்கியபோது 18,999 ரூபாய், இப்போது 12,499. "வாங்கலாமா அண்ணே?" என்றான். அவன் கேட்ட நேரம் சரியில்லை. இரண்டு நாள் முன்புதான் சேவை மையத்தில் 1,900 ரூபாய் அழுதுவிட்டு அதை மீட்டு வந்திருந்தேன். "வேண்டாம்" என்று சொல்லிவிட்டேன். ஏன் என்று கேட்டான். சொல்ல ஆரம்பித்தால் தேநீர் ஆறிவிடும் என்பதால் எழுதியே வைத்துவிடுகிறேன்.

பேட்டரி எத்தனை நாள் வரும், திரை எவ்வளவு பெரிது என்பதெல்லாம் பெட்டியிலேயே இருக்கிறது. ஒன்றை மட்டும் சொல்கிறேன். முதுகில் 50 மீட்டர் என்று பொறித்திருப்பதைப் பார்த்து, அதைக் கட்டிக்கொண்டு 50 மீட்டர் ஆழத்துக்கு முங்கலாம் என்று எண்ண வேண்டாம். அசையாத நீரில் அந்த அளவு அழுத்தத்தைத் தாங்கும் என்று சோதித்ததற்கான குறி அது. குளத்தில் நீந்த அது தாராளம். ஆழ்கடலுக்கு வேறு கடிகாரம் பார்க்க வேண்டும்.

என் சண்டை ஒரே ஒரு சொல்லோடுதான். லேப்.

எங்கள் மதுரைக் குளத்தின் மாஸ்டர் முதல் நாளே "தினமும் இருபது லேப்" என்று சொல்லிவிட்டார். எனக்கு நீச்சல் புதிதல்ல. மேலூர்ப் பக்கம் பம்புசெட்டுக் கிணற்றில், முதுகில் சுரைக்குடுக்கையைக் கட்டி மாமா தள்ளிவிட்டுக் கற்றவன் நான். ஆனால் கிணற்றில் லேப் கிடையாது. ஒரு சுவரை விட்டால் அடுத்த சுவர், களைத்தால் படிக்கட்டு. ஆகவே எண்ணும் வேலையைக் கடிகாரத்திடம் விட்டேன். அது 20 என்று காட்டியதும் ஏறிவிடுவேன். இரண்டு மாதம் இப்படியே போனது. "இருபது லேப் போகிறீர்களா? அதற்குள் எப்படி முடிகிறது?" என்று மாஸ்டர் ஒரு நாள் என் பின்னாலேயே நின்று எண்ணினார். அவருக்கு லேப் என்றால் போய்த் திரும்புவது. கடிகாரம் காட்டியது லென்த், அதாவது ஒரு முனையிலிருந்து மறு முனை. இரண்டு மாதமாகச் சொன்னதில் பாதியை நீந்திவிட்டு, முழுசாக நீந்திய பெருமையில் வீட்டுக்குப் போய் நாலு இட்லி கூடுதலாகச் சாப்பிட்டிருக்கிறேன்.

தவறு என்னுடையதுதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் முழுதும் என்னுடையது அல்ல. கடிகாரத் திரையில் லென்த் என்று வருவதையே, கைபேசிக்கு மாறியதும் அதே நிறுவனத்தின் செயலி லேப் என்று எழுதுகிறது. கடிகாரத்தின் வலது கீழ்ப் பொத்தானுக்கும் பெயர் லேப். அதை அழுத்தினால் ஓய்வு தொடங்கும். மறுபடி அழுத்தினால் அடுத்த சுற்று. அந்தப் பொத்தானைத் தொடாமல் ஒரு கிலோமீட்டர் நீந்தினால் மொத்தமும் "லேப் 1". ஒரே நிறுவனம், ஒரே பொருள், ஒரு சொல்லுக்கு மூன்று அர்த்தம். சிலேடை எழுதும் புலவருக்கு அழகு, கடிகாரத்துக்கு?

உலகமே இதில் ஒத்துப்போகவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஓட்டக்காரனுக்குச் சிக்கல் இல்லை. 400 மீட்டர் ஓடினால் புறப்பட்ட இடத்துக்கே வந்துவிடுவான், அது ஒரு லேப். நீச்சலில் சிலர் ஒரு முனைப் பயணத்தையே லேப் என்பார்கள்; சிலர் எங்கள் மாஸ்டர் கட்சி. போட்டிகளில் கணக்கு முனைக்கு முனைதான். 50 மீட்டர் குளத்தில் 1500 மீட்டர் என்றால் 30 லென்த். இன்னும் எத்தனை பாக்கி என்று எண் பலகை காட்டுவார்கள்; முதலில் வருபவருக்கு இரண்டு லென்த்தும் ஐந்து மீட்டரும் மீதமிருக்கும்போது மணி அடிப்பார்கள். வல்வெட்டித்துறை தந்த ஆழிக்குமரன் ஆனந்தன் 1971இல் பாக்கு நீரிணையை இலங்கையிலிருந்து இந்தியக் கரைக்கு நீந்தி, மறுபடி இலங்கைக்கே நீந்தித் திரும்பினார். 51 மணி நேரம். எங்கள் மாஸ்டர் கணக்கில் அது ஒரு லேப். என் கடிகாரம் இரண்டு என்று சொல்லியிருக்கும், நடுவில் அலை புரட்டிய இடங்களையெல்லாம் திரும்பல் என்று எண்ணாமல் இருந்திருந்தால்.

அந்த எண்ணும் கோளாறு தனிக்கதை. குளத்துக்குள் இது செயற்கைக்கோளை நம்புவதில்லை. மணிக்கட்டின் அசைவை வைத்து, சுவரை உதைத்துக் கிளம்பும் அந்த ஒரு தள்ளலைக் கண்டுபிடித்து, ஒரு லென்த் முடிந்தது என்று ஊகிக்கிறது. நாம் சொல்லிவைத்த குளத்தின் நீளத்தை அதனோடு பெருக்கிக்கொள்கிறது. காலை ஐந்தரை மணிக்குத் தடம் காலியாக இருந்தால் பிசகே இல்லை, மெச்சத்தான் வேண்டும். ஞாயிற்றுக்கிழமை வேறு. தடத்தின் நடுவில் சிறுவன் ஒருவன் மூக்கைப் பிடித்துக்கொண்டு நிற்பான். நான் நின்று, விலகி, மறுபடி கிளம்புவேன். கடிகாரத்துக்கு அது ஒரு லென்த். அப்படி 36ஐ 44 ஆக்கிய நாள் உண்டு. மிதவைப் பலகையைப் பிடித்துக்கொண்டு காலை மட்டும் அடித்தால் நேர்மாறு: கை அசையவில்லை, ஆகவே நான் நீந்தவே இல்லை. அதற்கென்று டிரில் என்றொரு வசதி வைத்திருக்கிறார்கள். பயிற்சி முடிந்ததும் எவ்வளவு தூரம் போனேன் என்று நானே அதற்குச் சொல்ல வேண்டுமாம். நானே சொல்வதற்கு நீ எதற்கடா?

சரி, பாராட்டையும் சொல்லிவிடுகிறேன். எனக்கு அகராதி கற்றுக்கொடுத்தது இந்தக் கடிகாரம்தான். ஒரு நாள் வெறுப்பில், ஊர்க் கிணற்று ஞாபகத்தில், முழு நீளமும் நாய் நீச்சல் அடித்தேன். ஃப்ரீஸ்டைல் என்று பதிந்துகொண்டது. அடுத்து ஒருக்களித்து நீந்தினேன். அதுவும் ஃப்ரீஸ்டைல். முட்டாள் கடிகாரம் என்று மாஸ்டரிடம் காட்டினேன். அவர் சிரிக்கவில்லை. "சரியாகத்தானே சொல்கிறது" என்றார். ஃப்ரீஸ்டைல் என்பது ஒரு நீச்சலின் பெயரே அல்லவாம். அந்தப் போட்டியில் எப்படி வேண்டுமானாலும் நீந்தலாம் என்பதுதான் விதி. கைமாற்றி வீசும் கிரால் எல்லாவற்றையும் விட வேகம் என்பதால் எல்லோரும் அதையே நீந்தி, பெயர் அதன் மேல் ஒட்டிக்கொண்டது. நான்கு வகை நீச்சலையும் ஒரே போட்டியில் அடுத்தடுத்து நீந்தும் மெட்லியில் மட்டும் ஒரு கட்டுப்பாடு: அங்கே ஃப்ரீஸ்டைல் என்றால் பட்டர்ஃப்ளை, மல்லாந்து நீந்தும் பேக்ஸ்ட்ரோக், நாங்கள் தவளை நீச்சல் என்று சொல்லும் பிரெஸ்ட்ஸ்ட்ரோக் ஆகிய மூன்றும் அல்லாத ஒன்று. மற்றபடி, விதிப்படி, ஒலிம்பிக்கில் நாய் நீச்சலும் ஃப்ரீஸ்டைல்தான். என் மாமா உயிரோடு இருந்திருந்தால் இதைக் கேட்டு வெற்றிலையைத் துப்பிவிட்டுச் சிரித்திருப்பார்.

நெகட்டிவ் ஸ்ப்ளிட்டும் அப்படித்தான் தெரியவந்தது. செயலியில் அந்தச் சொல்லைப் பார்த்ததும் ஏதோ குறை என்று முகம் சுண்டிவிட்டது. முதல் பாதியைவிட இரண்டாம் பாதியை விரைவாக நீந்தினால் அதுதான் நெகட்டிவ் ஸ்ப்ளிட். அன்று முதல் 20 லென்த் 11 நிமிடம் 40 விநாடி, அடுத்த 20 லென்த் 11 நிமிடம் 22 விநாடி. நெகட்டிவ் என்றால் ஆஸ்பத்திரியில்தான் சந்தோஷப்பட்டிருக்கிறேன், இப்போது குளத்திலும். வாங்கியதில் எனக்குக் கிடைத்த உண்மையான இன்பம் இது. தொடக்கத்தில் அவசரப்படாதே என்று மாஸ்டர் ஆறு மாதம் சொல்லியும் கேட்காதவன், அந்த 18 விநாடியைப் பார்த்தபின் கேட்டேன்.

ஸ்வால்ஃப் மேல் அவ்வளவு மதிப்பில்லை. ஒரு லென்த்துக்கு எத்தனை விநாடி, எத்தனை கைவீச்சு, இரண்டையும் கூட்டினால் வருவது. நீச்சலையும் கோல்ஃபையும் ஒட்டவைத்த பெயர். கோல்ஃப் போலவே எண் குறைந்தால் நல்லது. எனக்கு 34 விநாடி, 12 வீச்சு, மொத்தம் 46. வீச்சு 12தான் என்று பூரித்துவிடக் கூடாது; கடிகாரம் கட்டிய இடக்கையை மட்டுமே அது எண்ணுகிறது, வலக்கை அதன் கண்ணில் அனாதை. சென்னைக்குப் போனபோது வேளச்சேரியில் நீந்தினேன். 1995 தெற்காசிய விளையாட்டுக்காகக் கட்டிய வளாகம். 50 மீட்டர் குளம். ஏறிப் பார்த்தால் ஸ்வால்ஃப் 106. ஒரே இரவில் கிழவனாகிவிட்டேனா என்று பயந்து, பஸ்ஸில் திரும்பும்போதுதான் புத்திக்கு எட்டியது: குளம் நீளம், ஆகவே எண்ணும் பெரிது. ஒரே குளத்தில் நேற்றைய என்னோடு இன்றைய என்னை ஒப்பிட மட்டுமே அது உதவும். இதைச் செயலி ஒரு வரியில் சொல்லியிருக்கலாம்.

இனி பழுது. போன மாதம் அந்த லேப் பொத்தான் உள்ளே போனது, வெளியே வரவில்லை. எத்தனையோ பொத்தான் இருக்க, அதுதான். குளோரின் தண்ணீரில் ஊறியதை நல்ல தண்ணீரில் அலசாமல் விட்டால் இப்படித்தான் ஆகும் என்றார்கள் சேவை மையத்தில். நான் அலசுவேன், சோப்புப் போட்டு அலசினேன், அது தவறாம். 1,900 ரூபாய், 19 நாள். நாளுக்கு நூறு ரூபாய் வாடகை கொடுத்து என் கடிகாரத்தை அவர்களிடம் வைத்திருந்த கணக்கு.

அந்த 19 நாளும் வீட்டிலிருந்து பத்துப் புளியங்கொட்டை கொண்டுபோனேன். சோப்பு டப்பாவை இடப்பக்கமும் அதன் மூடியை வலப்பக்கமும் குளத்து விளிம்பில் வைத்தேன். போய்த் திரும்பினால் ஒரு கொட்டை இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம். பத்தும் போய், பத்தும் திரும்பினால் இருபது லேப், மாஸ்டர் கணக்கில். நடுவில் நிற்கும் சிறுவனைக் கொட்டைகள் பொருட்படுத்தவில்லை. பலகையோடு காலடித்தாலும் எண்ணின. ஒரு முறை மட்டும், கொட்டையை நகர்த்தினேனா இல்லையா என்ற சந்தேகம் வந்து இரண்டு லென்த் கூடுதலாக நீந்த வேண்டியிருந்தது. அதுவும் என் மறதி, கொட்டையின் பிழை அல்ல.

கடிகாரம் இல்லாத அந்த நாட்களில்தான் இன்னொன்றும் வெளிச்சமானது. ஓடு மாற்றுவதற்காகக் குளத்தை வற்றவைத்திருந்தார்கள். கொத்தனாரின் நாடாவை வாங்கி நானும் ஒரு முனையைப் பிடித்தேன். சுவரில் பெரிதாக 25 என்று எழுதியிருக்கிறது, அலகு எழுதவில்லை. 25 மீட்டர் என்றுதான் எல்லோரும் நம்பியிருந்தோம். நாடா 22 மீட்டர் 86 சென்டிமீட்டரில் முடிந்துவிட்டது. "எழுபத்தைந்து அடி சார், பிளானே அடியில்தான்" என்றார் கொத்தனார், இதில் என்ன ஆச்சரியம் என்பது போல. எழுபத்தைந்து அடி என்றால் 25 கெஜம். அமெரிக்காவில் பள்ளி, கல்லூரிக் குளங்கள் பலவும் இதே நீளம்தான். கடிகாரத்தை முதன்முதலாக இயக்கியபோது 25 கெஜம் என்றொரு தேர்வு இருந்தது. நமக்கெதற்கு அமெரிக்கக் கணக்கு என்று தாண்டிப் போயிருந்தேன்.

ஆக, நான் நீந்திய ஒவ்வொரு கிலோமீட்டரும் 914 மீட்டர். முதல் வருடம் 150 கிலோமீட்டர் நீந்தியதற்குச் செயலி எனக்கொரு பதக்கப் படம் அனுப்பியது. அதை உறவினர் குழுவில் போட்டு வாழ்த்து வாங்கினேன். உண்மையில் 137. மீதி 13 கிலோமீட்டரை யாரிடம் திருப்பிக் கொடுப்பது என்று தெரியவில்லை. இதில் கடிகாரத்தின் மேல் பழியில்லை, சொன்னதைப் பெருக்கியது. ஆனால் கெஜத்துக்கு மாற்றியதும் வேகத்தையும் நூறு கெஜத்துக்கு இவ்வளவு என்று காட்டத் தொடங்கிவிட்டது. குளம் கெஜத்தில் இருக்கட்டும், வேகம் மீட்டரில் இருக்கட்டும் என்றால் அதற்கு வழியில்லை. புடவைக்கடையில் வேலை பார்ப்பதுபோல் இருக்கிறது.

திரும்பி வந்த முதல் நாள் இரண்டையும் வைத்துக்கொண்டேன். கொட்டைக் கணக்கில் 40 லென்த், கடிகாரத்தில் 43.

தம்பிக்கு வேண்டாம் என்று சொன்னது கோபத்தில்தான், ஆனால் மாற்றிக்கொள்ளப் போவதில்லை. கூட்டமில்லாத குளமும் அதன் சரியான நீளமும் கையிலிருந்தால் வாங்கலாம்; 12,499க்கு இந்த ஊரில் இரண்டும் அமைவது கடினம். என்னுடையதை விற்பாயா என்று அவன் அடுத்துக் கேட்டான். மாட்டேன். வீட்டில் அவளும் போன மாதம் முதல் பெண்கள் நேரத்தில் நீச்சலுக்குப் போகிறாள். எத்தனை என்று கேட்டால் "நிறைய" என்கிறாள். பத்தாயிரத்துக்குக் கீழே விலை இறங்கினால் யாராவது எனக்கு ஒரு வார்த்தை சொல்லுங்கள்.