டெக் கேடட் இடம் வாங்கித் தருகிறேன் என்று பணம் கேட்பவர்களை நம்பாதீர்கள்

கப்பல் அதிகாரி ஆவதற்கான நாட்டிகல் சயின்ஸ் டிப்ளமோ (டி.என்.எஸ்.) முடித்துவிட்டு, டெக் கேடட்டாக, அதாவது பயிற்சி அதிகாரியாக எடுத்துக்கொள்ளும் நிறுவனத்தின் ஸ்பான்சர்ஷிப் கிடைக்காமல் வீட்டில் காத்திருக்கும் தம்பிகளும் அவர்களுடைய அப்பா அம்மாவும் இதைக் கடைசிவரை படியுங்கள். சென்னையில் ஓர் ஏஜென்ட் என்னிடம் நாலரை லட்சம் ரூபாய் வாங்கிக்கொண்டு, கடல் பயிற்சி என்று சொல்லி, ஷார்ஜாவுக்கு வெளியே நங்கூரம் போட்டு நின்ற ஒரு பழைய டேங்கரில் ஏற்றிவிட்டார். அம்மாவின் நகையை வைத்துப் புரட்டிய பணம் அது. பணத்தைவிடப் பெரிய நஷ்டம் ஒன்று உண்டு. அந்தக் கப்பலில் நான் கழித்த காலத்தில் ஒரு நாள்கூட என் பயிற்சிக் கணக்கில் ஏறவில்லை.

இந்தப் படிப்பைப் பற்றித் தெரியாத பெற்றோருக்காகச் சொல்கிறேன். டி.என்.எஸ். வகுப்பறையில் ஓராண்டு. அதன்பிறகு 18 மாதம் கேடட்டாகக் கப்பலில் இருந்தால்தான், அதிகாரியாவதற்கான முதல் தேர்வான செகண்ட் மேட் தேர்வு எழுத முடியும். கப்பல் கிடைக்கவில்லையென்றால் கையிலிருக்கும் சான்றிதழை வைத்து மேலே ஒரு படிகூட ஏற முடியாது. படித்து வெளியே வருகிறவர்கள் அதிகம், கேடட்டுக்கு என்று கப்பல்களில் ஒதுக்கும் இடம் குறைவு. வயது ஏறிக்கொண்டே போகிறதே என்று வீட்டில் எல்லோரும் கவலைப்படும் நேரம் பார்த்துத்தான் இந்த ஏஜென்ட்டுகள் போன் செய்கிறார்கள்.

லைசென்ஸ் இருக்கிறதா என்று நானும் அப்பாவும் முதல் நாளே கேட்டோம். இந்தியாவிலிருந்து கப்பலுக்கு ஆள் அனுப்ப ஆர்.பி.எஸ்.எல். என்னும் உரிமம் வேண்டும், கப்பல் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகம் (டி.ஜி. ஷிப்பிங்) கொடுப்பது. அந்த ஆள் ஒரு நிறுவனத்தின் உரிமத்தை எடுத்துக் காட்டி, "நாங்கதான் அவங்களோட சென்னை பிராஞ்ச்" என்றார். டி.ஜி. ஷிப்பிங் இணையதளத்தில் தேடினோம். நிறுவனத்தின் பெயரும் எண்ணும் அங்கே இருந்தன. உரிமம் உண்மையானதுதான், அந்த ஆளுக்கும் அந்த நிறுவனத்துக்கும்தான் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. லெட்டர்பேடு, சீல், ஆஃபர் லெட்டர் எல்லாம் அவரே அடித்துக்கொண்டவை. ஆகவே எண் இருக்கிறதா என்று பார்ப்பதோடு நிற்காதீர்கள். இணையதளத்தில் இருக்கும் தொலைபேசி எண்ணுக்கு நீங்களே பேசி, இன்ன ஆள் உங்களிடம் வேலை செய்கிறாரா, இன்ன கப்பலுக்கு என் பையன் பெயரில் கடிதம் கொடுத்தீர்களா என்று கேளுங்கள்.

பணத்தை கம்பெனி கணக்கில் வாங்கவில்லை. 'டாக்குமென்டேஷன்', 'விசா', 'வெசல் கன்ஃபர்மேஷன்' என்று ஒவ்வொரு பெயர் சொல்லித் தனியாள் கணக்குகளில் போடச் சொன்னார். இங்கேதான் எல்லோருக்கும் தெரிய வேண்டிய சட்டம் ஒன்று இருக்கிறது. கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை 2006-ஐ இந்தியா 2015-இல் ஏற்றுக்கொண்டது. அதன்படி கப்பலில் வேலை வாங்கித் தருவதற்கு மாலுமியிடம் கட்டணம் வாங்கக் கூடாது. பாஸ்போர்ட், மாலுமிக்கான அடையாளப் புத்தகமான சி.டி.சி., மருத்துவச் சான்றிதழ், இவற்றின் செலவுதான் நம்முடையது. விசா செலவுகூடக் கப்பல் உரிமையாளர் தலையில். ஆக, "கப்பலில் இடம் போட இவ்வளவு ஆகும்" என்று ஒருவர் வாயைத் திறந்தாலே அது சட்டத்துக்குப் புறம்பு. தொகை சின்னதா பெரியதா என்ற பேச்சுக்கே இடமில்லை.

விமான நிலையத்துக்குக் கிளம்பும்போது போன் வந்தது. "தம்பி, இமிகிரேஷன்ல கேட்டா துபாய்ல மாமா வீட்டுக்குப் போறேன்னு சொல்லுங்க. கப்பல்னு வாயே திறக்காதீங்க." கையில் சுற்றுலா விசா. அதற்குள் மொத்தப் பணமும் போய்விட்டது. ஒழுங்கான நிறுவனம் மூலம் போகிறவன் சி.டி.சி.யையும் ஒப்பந்தத்தையும் நேராகக் காட்டிவிட்டுப் போவான், ஒளிக்க அவனிடம் ஒன்றுமில்லை. யாராவது உங்கள் பிள்ளையிடம் இப்படிச் சொல்லச் சொன்னால், டிக்கெட் காசு போனாலும் பரவாயில்லை, ஏறவிடாதீர்கள்.

ஷார்ஜாவின் ஹம்ரியா துறைமுகத்திலிருந்து லாஞ்ச் என்னும் சிறு படகில் கூட்டிப்போனார்கள். கப்பலின் முகப்பில் புதுப் பெயருக்கு அடியில் பழைய பெயரின் வெல்டிங் எழுத்துகள் பெயின்டைத் தாண்டித் தெரிந்தன. பெயரும் கொடியும் மாறிய கப்பல். ஒரு கேபினில் நான்கு பேர். ஏ.சி. கிடையாது. டீசலை மிச்சம் பிடிக்க ஜெனரேட்டரைச் சில மணி நேரம்தான் ஓட்டுவார்கள். வளைகுடாவின் கோடையில் இரும்புச் சுவருக்குள் படுக்க முடியாமல் டெக்கில் அட்டையை விரித்துப் படுத்தோம். குடிதண்ணீர் படகு வர வேண்டிய நாளில் வராது. சோறும் பருப்பும்தான் சாப்பாடு, கடைசிக் கட்டத்தில் பருப்பும் குறைந்தது.

இதையெல்லாம்கூடத் தாங்கியிருப்பேன், அங்கே பயிற்சி என்று ஏதாவது இருந்திருந்தால். ஒரு கேடட், கப்பலைச் செலுத்தும் இடமான பிரிட்ஜில் அதிகாரியோடு வாட்ச் நிற்க வேண்டும். சூரியனை வைத்து திசைகாட்டியின் பிழையைக் கணக்கிட வேண்டும், ராடாரில் தூரம் எடுத்துச் சார்ட் என்னும் கடல் வரைபடத்தில் இடம் குறிக்க வேண்டும், கப்பலைச் சமநிலையில் வைக்கும் பாலாஸ்ட் டாங்கில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்று சவுண்டிங் எடுக்க வேண்டும், கப்பலைக் கயிற்றால் கட்டும் மூரிங்கில் நிற்க வேண்டும். செய்த ஒவ்வொன்றையும் டார் புக் என்கிற பயிற்சிப் பதிவேட்டில் எழுதி அதிகாரியிடம் கையெழுத்து வாங்க வேண்டும். என் டார் புக்கைக் கேப்டன் திறந்துகூடப் பார்க்கவில்லை. காலை ஆறு மணிக்கு சிப்பிங் சுத்தியலைப் பிடித்தால் இருட்டும்வரை துரு தட்டுவது, வயர் பிரஷ் போடுவது, சிவப்பு பிரைமர் அடிப்பது, அவ்வளவுதான். மாதம் ஒருமுறை கட்டாயம் நடக்க வேண்டிய தீயணைப்புப் பயிற்சியும் லைஃப் போட் பயிற்சியும் நான் இருந்தவரை ஒருதடவையும் நடக்கவில்லை. லாக் புக்கில் மட்டும் நடந்ததாக எழுதியிருந்தது.

ஒருநாள் ஆபீஸைக் கூட்டச் சொன்னபோது சுவரில் ஒட்டியிருந்த க்ரூ லிஸ்ட், அதாவது கப்பலில் வேலை செய்பவர்களின் பட்டியல் கண்ணில் பட்டது. என் பெயருக்கு நேரே 'ஓ.எஸ்.' என்று இருந்தது. ஆர்டினரி சீமேன். கேடட்டாகப் பணம் வாங்கிக்கொண்டு, அந்தப் பக்கம் என்னை டெக் தொழிலாளியாக விற்றிருக்கிறார்கள்! கப்பல் உரிமையாளர் என் சம்பளத்துக்காக ஏஜென்ட்டிடம் ஏதோ கொடுத்திருக்கிறார் என்றும் பிறகு தெரிந்தது. என் கைக்கு ஒரு திர்ஹம் வரவில்லை. இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. கப்பலில் குறைந்தபட்சம் இத்தனை பேர் இருக்க வேண்டும் என்று ஒரு கணக்கு இருக்கிறது, அதில் கேடட் சேர மாட்டான். ஓ.எஸ். என்று எழுதியதால் நானும் அந்தக் கணக்கில் அடங்கிவிட்டேன். "மாத்து ஆள் வராம இறக்க முடியாது" என்று கேப்டன் கையை விரித்தார். பாஸ்போர்ட் அவருடைய பெட்டியில்.

டெக்கின் ஒரு மூலையில் செல்போன் சிக்னல் கிடைக்கும். அங்கே நின்றுதான் சர்வதேசப் போக்குவரத்துத் தொழிலாளர் கூட்டமைப்பான ஐ.டி.எஃப்.புக்கும், துபாயில் உள்ள இந்தியத் துணைத் தூதரகத்துக்கும், டி.ஜி. ஷிப்பிங்குக்கும் எழுதினோம். ஒவ்வொரு கப்பலுக்கும் உள்ள அடையாள எண்ணான ஐ.எம்.ஓ. எண்ணையும் க்ரூ லிஸ்ட் படத்தையும் சேர்த்து அனுப்பியதும்தான் பதில்கள் வேகமாக வந்தன. இரண்டு மாதச் சம்பளம் தராவிட்டாலே மாலுமிகள் கைவிடப்பட்டவர்கள் என்று கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை சொல்கிறது. அப்படிப்பட்டவர்களுக்கு நான்கு மாதச் சம்பளம் வரைக்கும், ஊர் திரும்பும் செலவுக்கும் கப்பலுக்குக் காப்பீடு இருக்க வேண்டும் என்பது 2017 ஜனவரியிலிருந்து விதி. எங்கள் கப்பலின் காப்பீடு காலாவதியாகிக் கிடந்தது. தூதரகம் தலையிட்டுத்தான் நான் வீடு வந்தேன். என்னோடு இருந்த மியான்மர் அண்ணன் ஒருவர் எனக்குப் பிறகும் அங்கேயே இருந்தார். காய்ச்சலில் நான் கிடந்தபோது தன் பங்குத் தண்ணீரைக் கொடுத்தவர் அவர்.

ஊருக்கு வந்து சென்னை ராஜாஜி சாலையில், டி.ஜி. ஷிப்பிங்கின் கீழ் உள்ள மெர்கன்டைல் மரைன் அலுவலகத்தில் காகிதங்களை வைத்தேன். உரிமம் பெற்ற நிறுவனம் மூலம் போகவில்லை, பதவி ஓ.எஸ்., டார் புக்கில் கையெழுத்து இல்லை. பதினெட்டு மாதத்தையும் முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

காவல்துறையில் புகார் கொடுத்திருக்கிறோம், விசாரணை நடக்கிறது. இதற்கிடையில் அதே ஆள் வேறு பெயரில் 'டெக் கேடட், அர்ஜென்ட், துபாய் ஜாயினிங்' என்று வாட்ஸ்அப்பில் விளம்பரம் போட்டிருக்கிறார். அது உங்களுக்கும் வந்தால் முதலில் கப்பலின் ஐ.எம்.ஓ. எண்ணைக் கேளுங்கள். ஏழு இலக்கம், பெயரும் கொடியும் எத்தனை முறை மாறினாலும் அது மாறாது. அதை ஈக்வாசிஸ் (Equasis) என்னும் கப்பல் தகவல் தளத்தில் இலவசமாகப் போட்டுப் பார்த்தால் உரிமையாளர், கொடி, எந்தத் துறைமுகத்தில் தடுத்து வைத்தார்கள் என்பதெல்லாம் வரும். எண்ணைத் தர மறுத்தால் பேச்சை அங்கேயே முடித்துவிடுங்கள். ஏற்கெனவே பணம் கொடுத்தவர்கள் வங்கிப் பரிவர்த்தனை, வாட்ஸ்அப் குரல் பதிவு எதையும் அழிக்க வேண்டாம், எங்கள் புகாரில் நிற்பது அவைதான். பிள்ளை இப்போது அப்படியொரு கப்பலில் இருந்தால், க்ரூ லிஸ்ட்டையும் ஒப்பந்தத்தையும் இன்றைக்கே படமெடுத்து வீட்டுக்கு அனுப்பச் சொல்லுங்கள். "எல்லாச் சம்பளமும் பெற்றுக்கொண்டேன்" என்ற தாளில் எந்தக் காரணத்துக்கும் கையெழுத்துப் போட வேண்டாம் என்றும் சொல்லுங்கள். எங்களிடம் கிளம்பும் கடைசி நேரத்தில் அதைத்தான் நீட்டினார்கள்.