வீசிங் என்று போனோம், "அந்தச் சத்தத்தைப் போட்டுக் காட்டுங்க" என்றார் டாக்டர்

பையனின் இழுப்புக்காகப் போன இந்தப் பாலக்காட்டு கிளினிக்குக்கு நாலு நட்சத்திரம் கொடுக்கிறேன். குறைந்த ஒன்று டோக்கனுக்கு, அதைக் கடைசியில் சொல்கிறேன்.

நாங்கள் பாலக்காடு மாவட்டத்தில் கொழிஞ்சாம்பாறை பக்கம். பையனுக்கு இரண்டரை வயது. ஜூனில் ப்ளே ஸ்கூலில் விட்டோம், ஜனவரிக்குள் ஐந்து தடவை இழுப்பு வந்துவிட்டது. ஒவ்வொரு தடவையும் ராத்திரிதான், ஒவ்வொரு தடவையும் வேறொரு ஆஸ்பத்திரியில் நெபுலைசர், ஆன்டிபயாட்டிக், "வீசிங் இருக்கு" என்று ஒரு வரி. ஒரு இடத்தில் (பெயர் வேண்டாம்) ரத்தத்தில் பெரிய அலர்ஜி டெஸ்ட் எடுத்து, முட்டை ஆகாது என்று எழுதிக் கொடுத்தார்கள். முதல் பிறந்தநாளிலிருந்து முட்டை தின்கிற பிள்ளை, இரண்டு மாதம் முட்டை கேட்டு அழுதான்.

அப்புறம்தான் பாலக்காட்டில் இந்த கிளினிக். டாக்டர் மலையாளி, ஆனால் எங்கள் ஊர்த் தமிழை அவர் பாணியில் நன்றாகவே பேசுவார். உள்ளே போனதும் ஸ்டெதாஸ்கோப்பை எடுக்கவில்லை. "வீசிங்னு சொல்லாதீங்க, எப்படி சத்தம் வந்துதோ நீங்களே போட்டுக் காட்டுங்க" என்றார். நான் ஒரு மாதிரி போட்டேன், அத்தை வேறு மாதிரி போட்டார், என் வீட்டுக்காரர் வெட்கப்பட்டு சுவரைப் பார்த்தார். நல்லவேளை, போனில் மூன்று வீடியோ இருந்தது. இரண்டில் மூச்சு வெளியே விடும்போது விசில் மாதிரி, அது சரியான இழுப்பு. மூன்றாவது வெறும் மூக்கடைப்பின் கொரகொரப்பு! அந்த ராத்திரிக்குத்தான் அவசரமாகக் காரை எடுத்துக்கொண்டு ஓடி நெபுலைசர் வைத்துவிட்டு வந்தோம். மூச்சை உள்ளே இழுக்கும்போது சத்தம் வந்தால் அது பெரும்பாலும் தொண்டைப் பக்கத்து விஷயம், அதற்கு வழியே வேறு என்றார். இங்கே தமிழில் இழுப்பு, மலையாளத்தில் வலிவு, எல்லாருக்கும் பொதுவாக வீசிங், நெஞ்சில் எந்தச் சத்தம் கேட்டாலும் ஒரே பெயர். பாதிக் குழப்பம் அங்கேதான் என்று எனக்கு அன்றைக்குத்தான் புரிந்தது.

அப்புறம் கேள்வி, கேள்வி, கேள்வி. பிறந்ததிலிருந்தே சத்தம் உண்டா? பால் குடிக்கும்போது புரையேறுமா? எடை ஏறுகிறதா (அங்கன்வாடி கார்டை எடுத்துப் போயிருந்தது நல்லதாகப் போயிற்று)? வீட்டில் யாருக்காவது நாள்பட்ட இருமல், டிபி? நன்றாக விளையாடிக்கொண்டிருந்தவன் திடீரென்று புரையேறி அதற்குப் பிறகு இழுப்பு வந்ததா? இதை இரண்டு தடவை கேட்டார். நிலக்கடலைப் பருப்பு மூச்சுக்குழாயில் போய் உட்கார்ந்தால் எக்ஸ்ரேயில் தெரியாது, ஒரு பக்கம் மட்டும் சத்தம் கேட்கும், நெபுலைசர் எத்தனை வைத்தாலும் போகாது என்றார். எங்களுக்கு அப்படி எதுவும் இல்லை. எக்ஸ்ரே எழுதவே இல்லை. ஊதிப் பார்க்கிற டெஸ்ட் உண்டே என்று கேட்டேன், ஐந்து ஆறு வயதுக்குக் கீழே சொல்கிறபடி ஊத மாட்டார்கள், வீண் என்றார்.

குடும்பத்தில் ஆஸ்துமா உண்டா என்றதும் அத்தை, "எங்க வீட்ல அப்படி ஆருக்கும் இல்லீங்க" என்று முடித்துவிட்டார். "உங்க மகனுக்குச் சின்ன வயசுல?" என்று கேட்டபோதுதான் எட்டு வயது வரை பனிக்காலம் முழுக்க ஆடாதொடைக் கஷாயம் கொடுத்த கதை வெளியே வந்தது. கல்யாணமாகி ஆறு வருஷம், எனக்கே அன்றைக்குத்தான் தெரியும்.

ஐந்து தடவையும் மூக்கு ஒழுகி ஒன்றிரண்டு நாளில் இழுப்பு, நடுவில் சுத்தமாக நன்றாக இருக்கிறான். ஆகவே சளி வைரஸ்தான் கிளப்பிவிடுகிறது, இந்த வயதில் அதுதான் அதிகம், ஆன்டிபயாட்டிக்குக்கு வேலை இல்லை என்றார். மூன்று வயதுக்குள் ஏறக்குறைய மூன்றில் ஒரு பிள்ளைக்கு ஒரு தடவையாவது இழுப்பு வருமாம், நிறையப் பேருக்கு ஆறு வயதுக்குள் போய்விடுமாம். ஆஸ்துமாவா என்று நேராகவே கேட்டேன். "அப்பாவுக்கு இருந்ததால வாய்ப்பு இருக்கு, இப்போ பேர் வைக்க மாட்டேன்" என்றார். சளி இல்லாமலே ஓடும்போதோ சிரிக்கும்போதோ ராத்திரியிலோ வந்தால் தேதி போட்டு எழுதி வரவேண்டும், அப்போது இரண்டு மூன்று மாதம் ஸ்டீராய்டு இன்ஹேலர் கொடுத்து, நிறுத்திப் பார்த்து முடிவு செய்வாராம். முட்டையை அன்றைக்கே கொடுக்கச் சொன்னார். தினமும் தின்று ஒன்றும் ஆகாதவனுக்குக் காகிதத்தைப் பார்த்து நிறுத்தக்கூடாதாம்.

நாங்கள் பழியைப் பாலக்காட்டுக் கணவாய்க் காற்றின் மேலும் அறுவடைத் தூசியின் மேலும் போட்டோம். அவர் ராத்திரி படுக்கிற அறையில் என்ன எரிகிறது என்று கேட்டார். கொசுவத்தி, வெள்ளிக்கிழமை சாம்பிராணி. "காத்தை நிறுத்த முடியாது, இதை நிறுத்தலாமே" என்று சிரித்தார். வலை வாங்கியாயிற்று. சாம்பிராணியை அத்தை இப்போது வாசலோடு நிறுத்திக்கொள்கிறார், முகம் மட்டும் கொஞ்சம் தூக்கிவைத்திருக்கிறார்.

இழுப்பு வந்தால் இன்ஹேலர் கொடுக்க, நர்ஸ் மாஸ்க் வைத்த ஸ்பேசரை (இன்ஹேலரைச் செருகுகிற குழாய்) என் கையில் கொடுத்து என்னையே செய்ய வைத்தார். முகத்தில் ஒட்டப் பிடித்து, ஒரு பஃப் (இன்ஹேலரை ஒரு அழுத்து), பத்து மூச்சு, அப்புறம்தான் அடுத்தது. அழுதுகொண்டிருக்கும்போது கொடுத்தால் மருந்து சரியாக உள்ளே போகாது. சோப்புத் தண்ணீரில் கழுவித் துடைக்காமல் காயவிட வேண்டும். விலா உள்ளே இழுத்தாலோ, தூங்கும்போது நிமிஷத்துக்கு 40 மூச்சுக்கு மேல் போனாலோ, உதடு நீலமானாலோ, பேசவோ குடிக்கவோ முடியாவிட்டாலோ காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும், இது போனில் கேட்கிற விஷயம் இல்லை என்று கறாராகச் சொன்னார்கள்.

சரி, குறை. டோக்கன் காலை 7 மணிக்கு போனில் மட்டும், பத்து நிமிஷத்தில் தீர்ந்துவிடும். ரிசப்ஷனில் மலையாளம் மட்டும்தான். ஒருத்தருக்கு அரை மணி நேரம் கொடுக்கிற டாக்டர் என்றால் 11 மணி டோக்கன் ஒன்றரைக்குத்தான் வரும், சாப்பாடு கட்டிக்கொண்டு போங்கள். ஃபீஸ் 350 ரூபாய். வண்டி நிறுத்த இடமே இல்லை, பஸ்ஸில் போவது நல்லது. வீடியோ எடுக்காமல் மட்டும் போகாதீர்கள், சட்டையைக் கழற்றி நெஞ்சு தெரிகிற மாதிரி, டிவியை அணைத்துவிட்டு எடுங்கள். எங்கள் முதல் வீடியோவில் சீரியல் சத்தம்தான் அதிகம்.