சேனையா, காய்ச்சிலா, காய்வள்ளியா: பெங்களூர் வீட்டுத் தோட்டத்தில் எதற்கு இடம் கொடுப்பது?

நான்கு வருடமாக இந்த மூன்று கிழங்கையும் ஒரே வீட்டில் வளர்த்துப் பார்த்துவிட்டேன். ராமமூர்த்தி நகரில் வாடகை வீடு, பின்பக்கம் நான்கடி அகலத்துக்கு ஒரு மண் துண்டு, மொட்டை மாடியில் கொஞ்சம் குரோ பேக், அவ்வளவுதான் இடம். இந்த வருடம் மண் துண்டு முழுவதையும் காய்வள்ளிக்கு விட்டுவிட்டேன். சேனை இரண்டு பையோடு சரி, காய்ச்சிலுக்கு ஒரு மூலை. சேனை மேல் எனக்குக் கோபம் ஒன்றும் இல்லை. தைப்பொங்கலுக்கு எங்கள் வீட்டில் அது இல்லாமல் கிழங்குக் கூட்டு கிடையாது.

முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். நாகர்கோவில் பக்கம் நாங்கள் காய்ச்சில் என்பதை மற்ற ஊர்களில் பெருவள்ளி என்பார்கள். கொடி மேலே போகும், கிழங்கு மண்ணுக்குள் பெரிதாக இறங்கும். காய்வள்ளியும் கொடிதான், ஆனால் கிழங்கு இலைக்கணுவில் காய் மாதிரி தொங்கும். இலையைப் பார்த்து வெற்றிலை வள்ளி என்றும் சொல்கிறார்கள். சேனையைச் சில மாவட்டங்களில் கருணை என்பார்கள், பக்கத்து வீட்டுக் கன்னட அக்காவுக்கு அது சுவர்ணகட்டெ.

ருசியில் சேனைதான் முதல், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. வறுவல், மசியல், எரிசேரி எதற்கும் வேறு கிழங்கு அது போல வராது. காய்ச்சிலை அவித்துக் காந்தாரி மிளகாய்ச் சம்மந்தியோடு (துவையல்) சாப்பிட்டால் இரண்டாவது இடம். காய்வள்ளி மூன்றாவது. புளிக்குழம்பில் நன்றாக இருக்கும், வெறுமனே அவித்தால் கொஞ்சம் சப்பென்று இருக்கும், தோலுக்கு அடியில் இருக்கும் பச்சையை ஆழமாகச் சீவாவிட்டால் லேசாகக் கசக்கும்.

தண்ணீர் விஷயத்தில் மூன்றும் ஒன்றுதான், அதுவும் நமக்குச் சாதகமாக. கோடை மழைக்கு முளைத்து, மழைக்காலம் முழுக்க வளர்ந்து, மார்கழியில் பட்டுப்போய் உறங்கிவிடும். 2024 மார்ச்சில் இங்கே தண்ணீர்த் தட்டுப்பாடு வந்து, குடிநீரைத் தோட்டத்துக்கு ஊற்றினால் 5000 ரூபாய் அபராதம் என்று குடிநீர் வாரியம் அறிவித்தபோது என் கத்தரியும் கீரையும் காய்ந்துபோயின. கிழங்குகளுக்கு ஒன்றும் ஆகவில்லை, அவை அப்போது உறக்கத்தில் இருந்தன.

இனி நான் முடிவெடுத்த காரணத்துக்கு வருகிறேன். அது விதை. வீட்டுத் தோட்டக்காரருக்குக் கிழங்கில் விதை என்றால் சாப்பாட்டிலிருந்து பிரித்து வைப்பது. கத்தரி மாதிரி ஒரு பழத்தை முற்றவிட்டு ஊருக்கே கொடுக்க முடியாது. சேனைக்கு ஒரு குழிக்கு அரைக் கிலோவிலிருந்து ஒரு கிலோ வரை விதைத்துண்டு வைக்கச் சொல்கிறார்கள், அதிலும் நடுவில் இருக்கும் மொட்டுப் பகுதி ஒவ்வொரு துண்டிலும் கொஞ்சமாவது இருக்க வேண்டும், சாணிக்கரைசலில் முக்கி நிழலில் உலர்த்தி நட வேண்டும். நான் 700 கிராம் வைத்தேன், பையிலிருந்து எடுத்தது மூன்று கிலோவுக்குச் சற்றுக் குறைவு. அதில் அடுத்த வருடத்துக்கு எனக்கு ஒரு துண்டு, கேட்ட இரண்டு பேருக்கு இரண்டு துண்டு என்று எடுத்து வைத்தால் குழம்புக்கு மிஞ்சுவது ஒரு கிலோகூட இல்லை. 100 கிராம் சிறு துண்டுகளாக வெட்டி நடும் முறையும் உண்டு, ஆனால் அதில் முதல் வருடம் வருவது விதைக்கிழங்குதான், சமைக்கிற அளவுக்குப் பெருக்க இன்னொரு வருடம் காத்திருக்க வேண்டும். கே.ஆர். மார்க்கெட்டில் வாங்கி நட்டால் என்ன என்று கேட்பார்கள். முழுக்கிழங்காகக் கிடைத்தால் சரி, வெட்டி விற்கும் துண்டில் பெரும்பாலும் மொட்டு இருக்காது.

காய்ச்சில் நடுத்தரம். கால் கிலோ துண்டு போதும், தோலோடு இருந்தால் எந்தப் பகுதியிலிருந்தும் முளைக்கும். கஷ்டம் தோண்டுவதில். எங்கள் மண்ணில் கிழங்கு இரண்டடி கீழே போய் மதில் அஸ்திவாரத்தோடு ஒட்டிக்கொண்டது, கடப்பாரையில் பாதி சிதைந்துதான் வந்தது. சிதைந்ததை யாருக்கும் விதையாகக் கொடுக்க முடியாது, அழுகிவிடும்.

காய்வள்ளியில் இந்தக் கணக்கே இல்லை. ஒவ்வொரு காயும் விதை, ஒவ்வொரு காயும் சாப்பாடு. பெரியதைச் சமைக்கலாம், கோலிக்குண்டு அளவில் இருப்பதைக் கொடுக்கலாம். மண்ணைத் தோண்ட வேண்டாம், வெட்ட வேண்டாம், சாணிக்கரைசல் வேண்டாம். முதல் வருடம் மூன்று காய் நட்டேன், பதினொன்றுதான் வந்தது, மனசே விட்டுப்போனது. அடியில் இருந்த கிழங்கை எடுக்காமல் அப்படியே விட்டதில் இரண்டாம் வருடம் அதே கொடியில் அறுபதைத் தாண்டியது. மாடிக் கைப்பிடியிலிருந்து ஒரு கயிறு கட்டிவிட்டால் போதும், ஏறிவிடும். கார்த்திகை, மார்கழியில் இலை மஞ்சளாகும்போது காய்கள் தானாக உதிரும். கூடையில் பொறுக்கி இருட்டாகக் காற்றோட்டமாக வைத்தால் பங்குனி, சித்திரையில் முளை கண் திறக்கும். ஃபிரிட்ஜில் மட்டும் வைக்காதீர்கள், குளிரில் கெட்டுவிடும்.

ஆனால் காய்வள்ளியைப் பகிர்வதில் ஒரு பொறுப்பு இருக்கிறது, இதை நான் அழுத்திச் சொல்லியே ஆக வேண்டும். இதே கொடியின் காட்டு வகைகள் நம் மலைகளில் நிறைய உண்டு, கடுமையாகக் கசக்கும், சிலவற்றில் கல்லீரலைக் கெடுக்கும் பொருட்கள் இருக்கின்றன. பழங்குடி மக்கள் அவற்றை அரிந்து, ஊறவைத்து, வேகவைத்துப் பக்குவப்படுத்தித்தான் உண்பார்கள், அந்தக் கைப்பழக்கம் நமக்குக் கிடையாது. ஆகவே வேலியோரம் பார்த்த கொடியிலிருந்து பறித்து யாருக்கும் கொடுக்காதீர்கள், நீங்களும் சாப்பிடாதீர்கள். நான் கொடுக்கும் காய் எல்லாம் நானே சமைத்துச் சாப்பிட்ட கொடியின் காய். எனக்குக் கொடுத்த அத்தையும் அவர் வீட்டில் சாப்பிட்ட கொடியிலிருந்துதான் கொடுத்தார். வாங்கும்போது “சாப்பிட்டுப் பார்த்தீர்களா?” என்று கேட்கத் தயங்க வேண்டாம்.

இன்னொரு தவறும் என்னால் நடந்தது. காய்ச்சில் கொடியிலும் சில சமயம் கணுவில் சிறு காய்கள் வரும். அதைக் காய்வள்ளி என்று நினைத்து ஒரு தோழிக்குக் கொடுத்துவிட்டேன், அவர் ஒரு வருடம் மேலே பார்த்துக்கொண்டே இருந்தார். அதற்குப் பிறகு தண்டைப் பார்த்துத்தான் கொடுக்கிறேன். காய்ச்சில் தண்டு சதுரமாக, ஓரங்களில் மெல்லிய இறக்கை போல இருக்கும், இலைகள் பெரும்பாலும் எதிரெதிராக வரும். காய்வள்ளித் தண்டு உருண்டை, இலைகள் ஒன்று விட்டு ஒன்றாக மாறி மாறி வரும்.

உதிர்ந்த காய்களைப் பொறுக்காமல் விட்டால் பக்கத்து மனையெல்லாம் ஏறிவிடும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் இதை ஆக்கிரமிப்புக் களையாகவே வைத்திருக்கிறார்கள். சொந்த மண் துண்டு இல்லாதவர்கள், மாடியில் பை மட்டும் வைப்பவர்கள் என் பேச்சைக் கேட்டு மாற வேண்டியதில்லை. பையில் காய்வள்ளியை ஒரே ஒரு முறைதான் வைத்தேன், சுமாராகத்தான் வந்தது. அந்த இடத்தில் சேனை நன்றாகவே வருகிறது. அதில் கஜேந்திரா ரகம் கிடைத்தால் வாங்குங்கள், அரிப்பு மிகக் குறைவு. சிறுவள்ளி என்ற இன்னொரு கிழங்கை நான் இன்னும் வளர்த்ததில்லை, அதனால் அதை இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை.

இப்போது கூடையில் நாற்பது சொச்சம் காய் இருக்கிறது. ஆளுக்கு இரண்டு கொடுக்கிறேன், ஒன்று அழுகினாலும் ஒன்று முளைக்கும். பங்குனிக்குள் வந்து வாங்கிக்கொண்டால் நல்லது, அதற்கு மேல் முளை நீண்டு, கொண்டுபோகும் வழியிலேயே ஒடிந்துவிடும்.