கும்பகோணம் வீட்டுக்கு மதிப்பு போட்ட பத்து நாட்கள்

அம்மா காலமாகி ஓராண்டு கழிந்து, 2025 தை மாதம் மூன்று வார விடுப்பில் கனடாவிலிருந்து கும்பகோணத்துக்கு வந்திருந்தேன். தாத்தா 1952-இல் கட்டிய வீட்டை அக்கா தானே வைத்துக்கொள்ள விரும்பினாள். கோவையில் இருக்கும் தம்பிக்கும் எனக்கும் உரிய பங்குக்கு நியாயமான தொகையைக் கொடுத்துவிடுவதாகவும் சொன்னாள். அந்த நியாயமான தொகை எது என்பதில்தான் உறவினர் ஒவ்வொருவரும் ஒரு விலை சொன்னார்கள். உடன்பிறந்தவர்களுக்குள் பின்னாளில் மனத்தாங்கல் வரக்கூடாது என்பதற்காக, மூவரில் யாருக்கும் வேண்டியவர் அல்லாத ஒரு மதிப்பீட்டாளரை அமர்த்துவதென்று முடிவு செய்தோம்.

முதலில் அமர்த்தியவர் எங்களுக்கு ஏமாற்றமே தந்தார். தொலைபேசியில் பேசும்போதே, "எவ்வளவு வர வேண்டும் என்று சொல்லுங்கள், அதற்கேற்றபடி போட்டுத் தருகிறேன்" என்றார். நேரில் வந்தபோது திண்ணையோடு நின்று நான்கு புகைப்படம் எடுத்துக்கொண்டு, பத்திர நகலை வாங்கிக்கொண்டு, கால் மணி நேரத்தில் கிளம்பிவிட்டார். வந்த அறிக்கையில் மர உத்திரங்களின் மேல் செங்கல்லும் சுண்ணாம்பும் கொண்டு கூரை போட்ட எங்கள் மெட்ராஸ் மச்சு வீடு கான்கிரீட் கூரை வீடாகக் குறிக்கப்பட்டிருந்தது. கட்டணத்தைக் கொடுத்துவிட்டு அந்த அறிக்கையை ஒதுக்கி வைத்தோம்.

இரண்டாமவர் தஞ்சாவூரிலிருந்து வந்த ஓய்வுபெற்ற பொறியாளர். வருமான வரிக்குச் செல்லுபடியாகும் அறிக்கை வேண்டுமென்றால், அப்போதைய விதிப்படி செல்வ வரிச் சட்டத்தின் 34ஏபி பிரிவின் கீழ்ப் பதிவு பெற்றவரே தர வேண்டும் என்பதை அவர்தான் விளக்கினார். செல்வ வரி 2015-இல் நீக்கப்பட்டுவிட்டாலும் அந்தப் பதிவு முறை அப்போதும் தொடர்ந்தது. வங்கிக் கடனுக்கு மதிப்பு போடும் வேல்யுவர் எல்லோரிடமும் இந்தப் பதிவு இருக்கும் என்று கொள்ள முடியாது. ஆகவே பதிவு எண்ணைக் கேட்டுப் பார்த்துக்கொள்வது நல்லது.

அவர் கேட்ட முதல் கேள்வி, எந்தத் தேதிக்கு மதிப்பு வேண்டும் என்பது. எங்களுக்குள் பணம் கொடுத்து வாங்கிக்கொள்ள இன்றைய மதிப்பு வேண்டும். ஆனால் சொத்தைக் கைமாற்றிக் கிடைக்கும் லாபத்தின் மீதான மூலதன ஆதாய வரிக்கு, தாத்தா காலத்துச் சொத்தானதால், 2001 ஏப்ரல் 1 அன்றைய மதிப்பை அடக்க விலையாக எடுத்துக்கொள்ளலாம். 2024 ஜூலை 23 முதல் வரி விதி மாறியதால் இது என்னைப் போன்றோருக்கு மிகவும் முக்கியமாகிவிட்டது. இந்தியாவில் வசிக்கும் தம்பி, அடக்க விலையைப் பணவீக்கத்துக்கு ஏற்ப உயர்த்திக் காட்டும் குறியீட்டைச் சேர்த்து 20 சதவீதமோ, சேர்க்காமல் 12.5 சதவீதமோ, எது குறைவோ அதன்படி வரி கட்டலாம். வெளிநாட்டில் வசிக்கும் எனக்குக் குறியீடு இல்லாத 12.5 சதவீதம் மட்டுமே. மேலும் அந்த 2001 மதிப்பு அன்றைய அரசு வழிகாட்டி மதிப்பைத் தாண்டக்கூடாது என்பதால், சார்பதிவாளர் அலுவலகத்தில் விண்ணப்பித்துப் பழைய வழிகாட்டி மதிப்பையும் வாங்க வேண்டியிருந்தது. எனக்குத் தர வேண்டிய பணத்தில் அக்காவே வரியைப் பிடித்துக் கட்ட வேண்டும் என்பது எங்களில் யாருக்கும் அதுவரை தெரியாது.

இன்றைய வழிகாட்டி மதிப்பையே விலையாகக் கொண்டுவிடலாமே என்று தம்பி கேட்டான். அது முத்திரைத் தீர்வைக்காக அரசு வைக்கும் மதிப்பு. 2017 ஜூனில் மாநிலம் முழுவதும் அதை ஒரே உத்தரவில் 33 சதவீதம் குறைத்தார்கள், அதற்காக எந்தத் தெருவிலும் மனை விலை மூன்றில் ஒரு பங்கு இறங்கிவிடவில்லை. நான் வசிக்கும் ஒன்டாரியோவிலும் சொத்து வரிக்கான மதிப்பு இன்னும் 2016 ஜனவரி 1 நிலவரப்படியே இருக்கிறது. அதைக் கேட்டு யாரும் வீடு வாங்குவதில்லை.

வீட்டுக்குள் நுழையுமுன் அவர் மூலப்பத்திரத்தையும் வில்லங்கச் சான்றையும் நகர நில அளவைப் பதிவேட்டையும் ஊஞ்சல் பலகையில் பரப்பி வைத்து ஒரு மணி நேரம் படித்தார். கோயில் ஊர்களில் அடிமனை கோயிலுக்கோ மடத்துக்கோ சொந்தமாக இருந்து, மேலே உள்ள கட்டடம் மட்டும் குடியிருப்பவருக்கு உரியதாக இருப்பது உண்டு. அப்படியானால் கணக்கே வேறு. எங்கள் மனை சொந்த மனைதான். ஆனால் பத்திரத்தில் கிழமேல் 18 அடி, தென்வடல் 120 அடி என்று இருக்க, அளவை வரைபடத்தில் தென்வடல் 114 அடிதான் இருந்தது. டேப் பிடித்துப் பார்த்தபோதும் 114 அடியே வந்தது. கொல்லைச் சுவர் எந்தக் காலத்திலோ உள்ளே தள்ளிக் கட்டப்பட்டிருக்கிறது. பத்திரம், பட்டா, நேரளவு மூன்றில் குறைந்ததையே கணக்கில் எடுப்பேன் என்று சொல்லி, 108 சதுர அடியை அங்கேயே கழித்தார். பட்டாவோ இன்னும் தாத்தா பெயரிலேயே இருந்தது.

ஆழமான குறுகிய மனைக்கு முழுவதும் ஒரே விலை கிடையாது என்பதும் எனக்குப் புதிய செய்தி. தெருவை ஒட்டிய 38 அடிக்கு முழு விலை, நடுவில் உள்ள 38 அடிக்கு மூன்றில் இரண்டு பங்கு, கொல்லைப்புறம் உள்ள 38 அடிக்குப் பாதி என்று பிரித்தார். தெருவில் கார் நுழையாது. இரு பக்கமும் பொதுச்சுவர். தார் போடும்போதெல்லாம் தெரு உயர்ந்து உயர்ந்து, சிறுவயதில் நாங்கள் தாவி இறங்கிய மூன்று படிகளில் இன்று ஒன்றுதான் தெரிகிறது; ஐப்பசி மழையில் தண்ணீர் நடைக்குள் வருவதை அக்காவே ஒப்புக்கொண்டாள். இவை ஒவ்வொன்றும் அவருடைய குறிப்பேட்டில் ஏறின.

பிறகு கூடத்தில் ஏணி போட்டு ஏறி, தேக்கு உத்திரம் சுவருக்குள் நுழையும் இடத்தில் ஒரு ஸ்க்ரூ டிரைவரால் குத்தினார். இரண்டு உத்திரங்கள் கல்லைப் போல நின்றன. முற்றத்தை ஒட்டிய மூன்றாவதில் கம்பி ஒரு விரற்கடை உள்ளே போயிற்று; இழுத்தபோது மாவு போன்ற துகள் அக்காவின் கையில் உதிர்ந்தது. அக்கா சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "ஏன் சார், தாத்தா பார்த்துப் பார்த்து வைத்த இந்தத் தூணெல்லாம் கணக்கில வராதா?" என்று கேட்டாள். "வரும்மா, ஆனால் நீங்க நினைக்கிற அளவுக்கு வராது" என்றார் அவர், மிகுந்த மரியாதையுடன். கட்டடத்தின் ஆயுளை 90 ஆண்டாகவும், இடித்தால் தேறும் பொருளை 10 சதவீதமாகவும் கொண்டு, கடந்துபோன 73 ஆண்டுக்குத் தேய்மானம் கழித்தால், இன்று நூறு ரூபாய்க்குக் கட்டக்கூடியதற்கு 27 ரூபாய்தான் நிற்கிறது. தூண்களுக்குக் காரைக்குடிப் பழம்பொருள் கடைகளில் நல்ல விலை கிடைக்கலாம், ஆனால் அது வீட்டை இடிப்பவருக்குக் கிடைக்கும் விலை என்றார். அக்கா இடிக்கப் போவதில்லை.

நில விலைக்கு அவர் அதே பகுதியில் அண்மையில் பதிவான மூன்று கிரயங்களை எடுத்தார். பத்திரத்தில் குறைத்துக் காட்டும் வழக்கம் இருப்பதால், வாங்கியவர்களிடமும் இரண்டு தரகர்களிடமும் விசாரித்து, கார் போகும் தெரு, மனையின் அகலம் ஆகிய வேறுபாடுகளுக்குக் கூட்டியும் கழித்தும் எழுதியிருந்தார். ஒன்பதாம் நாள் இரண்டு தேதிகளுக்கும் தனித்தனி அறிக்கைகள் வந்தன. தொகை தம்பி எதிர்பார்த்ததை விடக் குறைவு, அக்கா அஞ்சியதை விட அதிகம். ஆனால் எந்த எண் எங்கிருந்து வந்தது என்பது பக்கம் பக்கமாக எழுதப்பட்டிருந்ததால், தம்பி தொலைபேசியில் ஒரு மணி நேரம் கேள்வி கேட்டுவிட்டுச் சம்மதம் சொன்னான்.

நான் கிளம்புவதற்கு முந்தைய நாள் அக்காவும் நானும் தாலுகா அலுவலகத்துக்குப் போய் வாரிசுச் சான்றுகளின் நகலை ஒப்படைத்துப் பட்டா மாறுதலுக்கு விண்ணப்பித்தோம். எங்கள் பங்கை அக்காவுக்கு விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரம் பதிய ஆடி கழிந்து ஆவணியில் நான் மறுபடியும் வர வேண்டும். அதற்குள் அந்த மூன்றாவது உத்திரத்தை மாற்ற அக்கா தச்சரிடம் சொல்லிவிட்டாள்.