பாதி எங்கள் வீட்டுக்காரரின் பென்ஷன்: கேப்டவுன் வாட்டர்ஃப்ரன்ட்

பழைய துறைமுகம் கடைகளும் ஓட்டல்களுமாக மாறிய இடம் கேப்டவுன் வி அண்ட் ஏ வாட்டர்ஃப்ரன்ட். அதைப் பற்றி எழுதுகிறவர்கள் மேசை மலையையும் சூரிய அஸ்தமனத்தையும் எழுதித் தீர்த்துவிட்டார்கள். நான் முதலாளி வீட்டம்மா என்ற உரிமையில் எழுதுகிறேன். 2011-ல் இந்த இடத்தை 970 கோடி ராண்டுக்கு வாங்கியதில் பாதிப் பங்கு குரோத்பாயின்ட் என்ற கம்பெனிக்கு, மறு பாதி அரசு ஊழியர் பென்ஷன் நிதிக்கு. எங்கள் வீட்டுக்காரர் டர்பன் சாட்ஸ்வொர்த்தில் அரசுப் பள்ளிக் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். மாதாமாதம் சம்பளத்தில் பிடித்த பணம் அந்த நிதிக்குத்தான் போனது. அதனால் மகளைப் பார்க்கக் கேப்டவுன் போகும்போதெல்லாம் மனிதர் இங்கே வந்து, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, அறுவடைக்கு நிற்கும் வயலைப் பார்க்கிற பண்ணையார் போல நடப்பார்.

"அப்பா, அப்போ கடையில நமக்குத் தள்ளுபடி உண்டா?" என்று மகள் கேட்டாள். கிடையாது. இங்கே எவ்வளவு கூட்டம் கூடினாலும் பென்ஷனைக் கணக்கிடுவது கடைசிச் சம்பளத்தையும் சர்வீஸ் வருடங்களையும் வைத்துத்தான். அதை அவரே விளக்கிவிட்டு, அப்புறமும் அதே நடைதான்.

இடத்தின் கதை கொஞ்சம். 1860 செப்டம்பரில் விக்டோரியா ராணியின் மகன் ஆல்ஃபிரட், பதினாறு வயதுப் பையன், இங்கே அலைதடுப்புச் சுவருக்கு முதல் கல்லைக் கொட்டினான். மீதிக் கல்லையெல்லாம் உடைத்துச் சுமந்தவர்கள் கைதிகள். அவர்களை அடைத்து வைத்த சிறை இப்போது கேப்டவுன் பல்கலைக்கழகத்தின் பிசினஸ் ஸ்கூல். அதே ஆண்டு நவம்பர் 16 அன்று மெட்ராஸிலிருந்து வந்த ட்ரூரோ கப்பல், கரும்புத் தோட்ட வேலைக்கு முதல் இந்தியர்கள் 342 பேரை டர்பனில் இறக்கியது. இந்தத் தேதிகள் வீட்டுக்காரருக்கு மனப்பாடம்.

பிறகு கப்பல்கள் பெரிதாகிவிட்டன, கப்பல் நிற்கும் இந்தப் பழைய துறைமுகக் குளங்கள் அவற்றுக்குப் போதவில்லை. கிடங்குகள் பாழடைந்தன. 1988-ல் ரயில்வேயையும் துறைமுகத்தையும் நடத்திவந்த அரசு நிறுவனம், பின்னாளில் டிரான்ஸ்நெட், இதற்கென்றே தனிக் கம்பெனி தொடங்கியது. 1992-ல் விக்டோரியா வார்ஃப் மால் திறந்தது, 1995-ல் மீன் காட்சியகம். 2006-ல் துபாய், லண்டன் பணக்காரக் கம்பெனிகள் சேர்ந்து சுமார் 700 கோடி ராண்டுக்கு வாங்கி, ஐந்தே வருடத்தில் விற்றுவிட்டுப் போய்விட்டன. அடுத்து வந்தவர்கள்தான் நாங்கள்.

எனக்குப் பிடித்தது மால் அல்ல. மாலில் என்ன இருக்கிறது, எல்லா ஊரிலும் இருக்கிற கடைகள்தான். ராபின்சன் உலர்துறை என்று ஒன்று உண்டு, 1882-ல் கட்டியது. தண்ணீரை வெளியேற்றிவிட்டுக் கப்பலை அடியோடு பழுது பார்க்கும் பள்ளம். இன்றும் வேலை நடக்கிறது. கம்பி வேலிக்கு இந்தப் பக்கம் ஐஸ்கிரீம் நக்கிக்கொண்டு நாம், அந்தப் பக்கம் மீன்பிடிக் கப்பலின் வயிற்றில் ஒட்டிய சிப்பியைச் சுரண்டுகிற ஆட்கள். பெயின்ட் வாடை, கிரைண்டர் சத்தம். இதை ஓரங்கட்டிவிட்டு இன்னொரு ஓட்டல் கட்டியிருக்கலாம், கட்டவில்லை. அதற்கே ஒரு ஸ்டார் கூடுதல்.

தானியக் கிடங்குக்கு அவசியம் போங்கள். 1924-ல் முடித்த 57 மீட்டர் உயரக் கட்டடம், 2001-க்குப் பிறகு சும்மா கிடந்தது. உள்ளே 42 கான்கிரீட் குழாய்கள். அதை அருங்காட்சியகமாக்க வாட்டர்ஃப்ரன்ட் 50 கோடி ராண்ட் போட்டது, ப்யூமா கம்பெனியின் முன்னாள் தலைவர் யோகன் ஸைட்ஸ் தன் ஆப்பிரிக்க ஓவியச் சேகரிப்பை நீண்ட கால இரவலாகக் கொடுத்தார். 2017-ல் திறந்தார்கள். வடிவமைத்த தாமஸ் ஹெதர்விக், ஒரு சோளமணியின் வடிவத்தைப் பெரிதாக்கி, அந்த அளவுக்குக் குழாய்களின் நடுவைக் குடைந்திருக்கிறார். வெட்டிய விளிம்பைக் கிட்டப் போய்ப் பாருங்கள்: பழைய கான்கிரீட்டில் கூழாங்கல் பல்லிளிக்கும், அதற்கு முட்டுக் கொடுக்க உள்ளே வார்த்த புதுக் கான்கிரீட் தனியாகத் தெரியும், விளிம்பு மட்டும் வழவழவென்று மெருகு. ஓவியங்கள் பாதி எனக்குப் புரியவில்லை, பரவாயில்லை.

வாட்டர்ஷெட் பழைய பட்டறைக் கொட்டகை. கீழே பாசிமணி, கூடை, துணி விற்கும் கைவினைக் கடைகள், மேலே சின்னக் கம்பெனிகள் வாடகைக்கு எடுக்கும் ஆபீஸ் மேசைகள். பேரம் பேசலாம், ஆனால் மனசு வராது.

சாப்பாடு? ஹேக் மீனும் சிப்ஸும் நன்றாக இருந்தன. ஒரு கடையில் மட்டும் டர்பன் பன்னி சௌ (ரொட்டியைக் குடைந்து கறிக்குழம்பு ஊற்றித் தரும் எங்கள் ஊர்ச் சாப்பாடு) என்று போர்டு வைத்து, உலர்ந்த ரொட்டிக்குள் சர்க்கரை போட்ட மாதிரி ஒரு கறியை ஊற்றிக் கொடுத்தார்கள். குழம்பு ரொட்டியில் ஊறவே இல்லை. டர்பனில் இருவர் வயிறாரச் சாப்பிடும் காசு. டர்பன்காரர் யாரும் அந்தப் போர்டை நம்பாதீர்கள்.

இப்போது என் குறை. வீடுகள் இருக்கின்றன, படகு நிற்கும் வாசலோடு அழகாகவே இருக்கின்றன. கோடீஸ்வரர்களுக்கு. காலையில் கண்ணாடி துடைக்கிற பெண்களும் தட்டு கழுவுகிற பையன்களும் ஊரின் ஓரத்திலிருந்து ஷேர் வேன் டாக்ஸி பிடித்து வருகிறார்கள். பக்கத்திலேயே மாகாண அரசின் பழைய செவிலியர் விடுதி, ஹெலன் பவுடன், காலியாகக் கிடந்தது. 2017-ல் வீடு கேட்டுப் போராடியவர்கள் அதற்குள் குடியேறி, நிறவெறியை எதிர்த்துப் போராடிய அகமது கத்ராடா பெயரை வைத்தார்கள். பென்ஷன் நிதி என்பது அரசு ஊழியர் பணம். நர்ஸும் வாத்தியாரும் போலீஸும் பாதிச் சொந்தக்காரராக இருக்கிற இடத்தில் ஒரு நர்ஸ் வாடகைக்குக் குடியிருக்க முடியாது என்றால், கூட்டாளிகள் அடுத்து எதைக் கட்டுவது என்று பேசும்போது அவள் சார்பில் யார் பேசுகிறார்கள்? வீட்டுக்காரர் இதைக் கேட்டு, "நிதிக்கு லாபம் வரணும்மா, அதுதான் கணக்கு" என்றார். கணக்கு வாத்தியார் அல்லவா.

ஆனாலும் எங்கள் டர்பனில் பாயின்ட் என்கிற பகுதியைப் பார்த்த கண்ணுக்கு இது சொர்க்கம். அங்கேயும் துறைமுக நிலம்தான், நகராட்சியும் ஒரு மலேசியக் கம்பெனியும் கூட்டு. 2004-ல் உஷாகா கடல் பூங்கா திறந்து ஆண்டுகள் ஓடிவிட்டன, சுற்றிலும் காலி மனைகள் இன்னும் நிற்கின்றன. இங்கே குப்பை, காவல், விளக்கு எல்லாவற்றுக்கும் ஒரே பொறுப்பாளர். இரவு ஒன்பதுக்கு நானும் மகளும் பயமில்லாமல் நடந்தோம். தென்னாப்பிரிக்காவில் இருப்பவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம்.

ஐந்துக்கு நான்கு. காரைத் தவிர்த்து மைசிட்டி பஸ்ஸில் போங்கள், ஓட்டுநர் கையில் காசு வாங்க மாட்டார். வார இறுதி மத்தியானம் போனால் கூட்டத்தில் நசுங்குவீர்கள். வார நாளில் காலையிலேயே போய்விடுங்கள், உலர்துறையில் வேலையும் நடக்கும்.